மூடி போடாத குழாய்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் ‘நுரை’ என்று பெயர். குழாய்வழி கேஸ் வரும் வீடுகளில் அடுப்பு மாட்டுவதும் கழற்றுவதும்தான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. முதலில் சுவர்க்குழாயின் வால்வை மூடுவார். குழாயில் மிச்சமிருக்கும் கேஸை, தானாக அணையும்வரை அடுப்பிலேயே எரியவிடுவார். ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு ஸ்பேனரால் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் இணைப்பைக் கழற்றுவார். திறந்த முனையில் மூடியை முறுக்கி, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார். அதோடு விடுவாரா? பிரஷ்ஷை அந்த வீட்டில் இருப்பவர்கள் கையில் கொடுத்து, “நீங்களும் ஒருதடவை தடவிப் பாருங்க” என்பார்.

“அடுப்பைக் கழட்டச் சொன்னா குளிப்பாட்டிக்கிட்டு இருக்கீங்களே!” என்று சிரிப்பார்கள். மனிதர் அசையமாட்டார்.

வேலை முடிந்த சீட்டில் உரிமம் உள்ளவர்தான் கையெழுத்துப் போடலாம். என் தம்பிக்கும் அங்கேதான் வேலை. உரிமத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவன். அவன் கழற்றுகிற வீட்டுக்கெல்லாம் இவர் அலைந்து, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். “பத்து வெத்துச் சீட்டுல மொத்தமா போட்டுக் கொடுத்துடுங்களேன், அவன் என்ன அந்நியனா?” என்று நான்தான் நச்சரித்தேன். ஒரு மாதம் முடியவே முடியாது என்றார். பிறகு என் முகத்துக்காகப் போட்டுக் கொடுத்தார்.

குடித்தனக்காரர்கள் காலி செய்துபோன ஒரு வீட்டில் தம்பி அடுப்பைக் கழற்றினான். வால்வை மட்டும் மூடிவிட்டு, குழாய் முனையை அப்படியே விட்டுவிட்டான். பத்து நாள் கழித்துப் புதிதாக வந்தவர்கள் அலமாரியை நகர்த்தும்போது வால்வின் கைப்பிடி இடிபட்டுத் திறந்துகொண்டது. நாற்றம் தெரிந்ததும் அந்த அம்மாள் ஸ்விட்ச் எதையும் தொடாமல் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறாள். தப்பித்தார்கள்.

விசாரணையில் தம்பி என்ன சொன்னான் தெரியுமா? “நான் அந்தத் தெருப் பக்கமே போனதில்ல சார். கையெழுத்து மாமாவோடது, பாருங்க.”

நேராக அவன் அறைக்குப் போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

“உண்மையைச் சொல்லுடா. அவர் உரிமம் போயிடும்.”

“எனக்கு இப்பதான் பொண்ணு பாத்திருக்காங்க அக்கா. மாமாவுக்கென்ன, வேற வேலை பாத்துக்குவாரு.”

“பாவி, உனக்காகத்தானேடா கையெழுத்துப் போட்டாரு!”

“நானா கேட்டேன்? நீதானே கேட்ட?” என்றான், இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். கூடப் பிறந்தவன்!

உரிமம் போய்விட்டது. முன்கூட்டியே கையெழுத்துப் போட்டது தப்பு என்று இவர் ஒப்புக்கொண்டாராம். யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். மத்தியானம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவரிடம் பொரிந்து தள்ளினேன்.

“அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டியதுதானே? உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?”

“உன் தம்பியாச்சே. எப்படிச் சொல்றது?”

“நான் சொல்றேன், வாங்க! அன்னைக்கு அந்த வேலையை முடிச்சுட்டு இங்கதான் சாப்பிட வந்தான். ‘வால்வை மூடினாப் போதாதா, மூடி வேற எதுக்கு, பத்தே நிமிஷம், மாமாவா இருந்தா இன்னும் நுரை தடவிக்கிட்டு இருப்பாரு’ன்னு என்கிட்டயே பீத்திக்கிட்டான். நான் சாட்சி!”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“உனக்கு அன்னைக்கே தெரியுமா?”

அவன் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்திருந்தேன்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே போய் மூடி போட்டுட்டு வந்திருப்பேனே” என்றார். “அந்த வீட்ல ரெண்டு குழந்தைங்கம்மா.”

அவர் சத்தம்கூடப் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.