எடுத்ததில் இல்லை

ஜபருல்லா பாய் இறந்த செய்தி வந்தபோது ஆய்வகத்தில் நிலக்கடலை அரைபட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவருடைய மைத்துனர் போனில் சொன்னது காதில் விழவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். "மச்சான் மவுத்தாயிட்டாங்கக்கா. வெரசா வந்துருங்க." வெளியே மூடுபனியில் கொடைக்கானல் பஜார் தெரியவில்லை. திடீரென்று வந்த அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரிந்திருக்கும். விருந்தில் பிரியாணிச் சட்டியை அடிவரை புரட்டாமல் யாரையும் பரிமாற விடமாட்டார். "பாய் பரிசோதனைக்கு எடுக்குறாரு, ரிசல்ட் வந்தாத்தான் சோறு" என்று கேலி செய்வோம். எனக்கு அவர் வேலை கற்றுத்தந்த இந்த உணவு ஆய்வகத்திலும் அதே கதைதான். சோதனைக்கு வந்த கடலை முழுவதையும் அரைக்க வேண்டும். அதை விரிப்பில் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு குடுவை அளவுக்குக் குறையும்வரை மறுபடி மறுபடி குவிக்க வேண்டும். குடுவையைத் தட்டினால் முறைப்பார். தட்டினால் மாவு அடியில் இறங்கும், தோல் மேலே வந்து நிற்கும்.

கன்னிவாடியிலிருந்து காய்ந்து வரும் கடலை, மலையேறியதும் ஈரம் குடித்துவிடும். ஈரத்தில் பூஞ்சை வரும், பூஞ்சை விடும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். ஒருமுறை பிள்ளைகள் விடுதிக்குப் போகவேண்டிய கடலையில் ஒரு பொட்டலம் கட்டி வியாபாரி கொண்டுவந்தார்.

"ஒரு கை பாத்தாப் போதாதா பாய்? வண்டி நிக்குது."

"ஒரு கையில சிக்காதுங்க. மூட்டைக்குள்ள எங்க கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?"

குத்தூசியை எடுத்துக்கொண்டு என்னையும் கிடங்குக்கு இழுத்துப் போனார். மூட்டையின் மேல், நடு, அடி என்று அந்தக் கூரான குழாயைச் செருகிச் செருகி எடுத்தார். பொட்டலத்தில் ஒன்றும் இல்லை. சுவரோரம் ஈரம் கசிந்த மூட்டைகளில் நஞ்சு இருந்தது. பார்வைக்கு எல்லாம் ஒரே கடலைதான். அந்தப் பொட்டலத்தை நம்பியிருந்தால் பிள்ளைகள் அதைத்தான் தின்றிருப்பார்கள்.

நஞ்சு அகப்படாத நாட்களில் 'நல்ல சரக்கு' என்று எழுத விடமாட்டார். "நல்லா இருக்குன்னு எழுதாதம்மா கலா. எடுத்ததுல இல்லைன்னு எழுது. நமக்குத் தெரிஞ்சது அம்புட்டுதான்."

போன மழைக்காலத்தில் அவருடைய ஈரலிலேயே ஒரு கட்டி தெரிந்தது. அதற்கும் அவர் வேலைக்கும் முடிச்சுப் போடாதீர்கள், எனக்குக் கோபம் வரும். ஊசி செருகிச் சதை எடுத்துப் பார்த்தார்கள். கெட்டது எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அவர் மனைவி மெஹருன்னிசா அல்வா கிண்டி, அழுதுகொண்டே என் கையில் கொடுத்தார். பாயும் சாப்பிட்டார். மனைவி தேநீர் போட உள்ளே போனதும் பாய் குரலைத் தாழ்த்தினார்.

"அவுகளும் குத்தூசிதாம்மா போட்டுருக்காக. ஒரு எடத்துல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"தப்பியிருக்கலாம், இன்னொருக்கா எடுக்கணும்னுதான் சொன்னாரு. இவ காதுல அது விழல. நீ சொல்லிராத, ரெண்டு நாளாவது தூங்கட்டும்."

கையிலிருந்த அல்வாவைக் கீழே வைத்தேன். இந்த ஒருமுறை அவருடைய சந்தேகம் பொய்யாகிவிட வேண்டும் என்று அவரிடமே வாய்விட்டுச் சொன்னேன். சிரித்தார். மறுமுறை வேறிடத்தில் எடுத்ததில் புற்று இருந்தது. அதன்பின் அவர் ஆய்வகத்துக்கு வரவில்லை.

மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்துப் போன பிறகு மெஹருன்னிசா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல வந்தது பொய்யாக்கா?"

"பொய் இல்லம்மா. எடுத்த எடத்துல இல்ல, அம்புட்டுதான்."

என் வாயில் அவருடைய சொல். கெட்ட முடிவு வந்தால் எனக்குப் பயமில்லை, செய்யவேண்டியது தெரியும். நல்ல முடிவு வந்தால்தான் இப்போது பயம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். இதை விட்டுவிட எனக்கு விருப்பமில்லை.

மறுநாள், பாதியில் நிறுத்திய கடலையை அரைத்து முடித்தேன். அதுவும் விடுதிக்குப் போகவேண்டியதுதான். நஞ்சு எதுவும் அகப்படவில்லை. 'எடுத்ததில் இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போடாமல் குத்தூசியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன்.