கூப்பிட்டால் ஓடுகிற மோட்டார்

தேவிகாவின் நிலத்துக்கு ஒரு ஃபோன் நம்பர் உண்டு. விரிஞ்சிபுரத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தில் கிடக்கிற முக்கால் ஏக்கருக்குப் பத்து இலக்கத்தில் நம்பர் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் உண்மை. கிணற்று மேட்டிலுள்ள ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. கூப்பிட்டால் மோட்டார் ஓடும், மறுபடி கூப்பிட்டால் நிற்கும். "மோட்டார் ஓடுகிறது, நன்றி" என்று ஒரு பெண் குரல் சொல்லும். அவள் எந்த ஊர்க்காரி என்று தெரியாது, ஆனால் மரியாதை தெரிந்தவள்.

தேவிகா கூப்பிடுவது ஆம்பூரிலிருந்து. அங்கே ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் அவளுக்கு வேலை. விடிவதற்குள் விரிஞ்சிபுரத்தில் கம்பெனி பஸ் ஏறினால், திரும்பி இறங்கும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். வேலை நேரத்தில் ஃபோன் லாக்கரில் தூங்க வேண்டும். டீ மணி அடித்ததும் மற்றவர்கள் டீயைப் பார்க்க ஓட, இவள் லாக்கரைப் பார்க்க ஓடுவாள்.

"உன் வூட்டுக்காரர்கிட்ட கூட இவ்ளோ பேச மாட்டே போல," என்பாள் பக்கத்து மிஷின் மஹ்பூபி.

"அவரக் கூப்ட்டா எங்க எடுக்கறாருக்கா? இது ஒரே ரிங்குல எடுத்துடுது."

"அப்ப மோட்டாருக்கே கழுத்த நீட்டியிருக்கலாம். பேஜாரே இல்ல."

ஃபோனை வைத்துவிட்டு மிஷினுக்குத் திரும்பிய பிறகுதான் தேவிகாவின் அசல் நாள் ஆரம்பிக்கும். கை தோலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஊசி தன்பாட்டுக்கு இறங்கி ஏறும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்கத் தொடங்கும். கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. பெரிய குழாயில் புங்கமரத்தைத் தாண்டுகிறது. அங்கிருந்து கறுப்புக் கறுப்பாய்ப் பிரியும் சொட்டுநீர்க் குழாய்களில் வரிசை வரிசையாகப் போகிறது. ஒவ்வொரு மாங்கன்றின் காலடியிலும் சொட்டுகிறது, மண் கறுக்கிறது. அவள் கூடவே நடப்பாள். இந்தக் கன்று துளிர் விட்டிருக்கிறது, அது கொஞ்சம் சோம்பேறி, மூலையில் இருப்பது இடுப்பளவு வந்துவிட்டது. மனசுக்குள் இருந்த அந்த நிலத்தில் முள் கிடையாது, வெயில்கூடக் கிடையாது. வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட கனவு என்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் பிறந்து வளர்ந்தது ஆம்பூரிலேயே, தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் கூலிக்குப் போன அப்பாவுக்கு மகளாக. குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. அதன் தண்ணீர் துணி துவைக்கவும் ஆகாது. வாயில் வைத்தால் உப்பும் கசப்பும் ஒன்றாக ஏறும். கிணறு என்றால் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டிய ஒன்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் மகேந்திரன் அவளை நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனைக் காட்டி, "நான் அந்தக் கோடிக்குப் போறேன். கைய காட்டுனா அமுக்கு," என்றான். அமுக்கினாள். பட்டனிலிருந்து ஒரு நடுக்கம் கை வழியாகத் தோள் வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடைசிப் பாத்தியிலிருந்து அவன் குரல் நிலம் முழுக்கக் கடந்து வந்தது. "தண்ணி வந்துடுச்சி!" ஓடிப்போய்க் கையைக் குழித்துக் குடித்தாள். இனித்தது. கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூக்கிலெல்லாம் தண்ணீர் ஏற அவள் குடித்ததைப் பார்த்து, இந்தப் பெண்ணின் ஊரில் தண்ணீரே கொடுக்க மாட்டார்களா என்று மகேந்திரன் பயந்துபோனான்.

நிலம் அன்றைக்குத்தான் அவளுடையதாயிற்று. பத்திரத்தில் அவன் பெயர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு வந்த வருஷங்களில் மகள் படித்து ஓசூரில் வேலைக்குப் போனாள். மகேந்திரன் லோடு ஆட்டோ வாங்கினான். தேவிகா கம்பெனி பஸ் ஏறினாள். மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரம் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓடுவதும், சேற்றுக் காலோடு வந்து படுப்பதும் அவளுக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? எலக்ட்ரீஷியன் கோபி அந்த சிம் கார்டு பெட்டியை மாட்டிய அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டுக் கொண்டாடியவள் அவள்தான்.

நிலத்தை விற்றுவிடலாம் என்று மகேந்திரன் பேச ஆரம்பித்தது போன ஆடியில். பிளாட் போடுகிறவர்கள் கேட்டு வந்திருந்தார்கள்.

"பாராத பயிரு பாழுன்னு சும்மாவா சொன்னாங்க? நீயும் பாக்கறதில்ல, நானும் பாக்கறதில்ல. வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"நான் பாத்துக்கறேன். மாங்கன்னு வெக்கலாம்."

"கம்பெனில குந்திக்கினு எப்பிடிப் பாப்பே?"

அவள் ஃபோனைத் தூக்கிக் காட்டினாள். அவன் சிரித்துவிட்டு, கடைசியில் இறங்கி வந்தான். "சரி. கத்திரி வெயில் தாண்டி கன்னு உயிரோட இருந்தா விக்கிற பேச்சே எடுக்க மாட்டேன். இல்லாட்டி நீ குறுக்க வரக்கூடாது."

மழைக்காலத்தில் நட்டார்கள். முதலில் வாரம் தவறாமல் போனாள். அப்புறம் நேரம் கிடைத்தபோது போனாள். பங்குனியில் கம்பெனிக்குப் பெரிய ஏற்றுமதி ஆர்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. போகாவிட்டால் என்ன, நாள் தவறாமல் மோட்டார் ஓடுகிறது, குரல் நன்றி சொல்கிறது, மனசுக்குள் கன்றுகள் தழைக்கின்றன. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மஹ்பூபி கேட்டாள்.

"கன்னுங்கள போய்ப் பாத்தியாம்மா?"

"தெனமும் பாக்கறேனே," என்று சொல்லிவிட்டுத்தான் தேவிகா யோசித்தாள், எங்கே பார்த்தோம் என்று. அதற்குள் மணி அடித்துவிட்டது.

கத்திரி முடிந்த முதல் ஞாயிறு கம்பெனிக்கு லீவு. மகேந்திரனை அவள்தான் கிளப்பினாள். வீட்டு வாசலிலேயே நிலத்தைக் கூப்பிட்டாள். மோட்டார் ஓடுகிறது, நன்றி.

"நம்ம போறதுக்குள்ள சொட்ட ஆரம்பிச்சிருக்கும், வாங்க," என்று பெருமையாக முன்னால் நடந்தாள்.

வரப்பேறியதும் நின்றுவிட்டாள். வரிசை இருந்தது, கன்று இல்லை. காய்ந்த தண்டுகள் நட்டு வைத்த குச்சிகள் மாதிரி நின்றன. ஒன்றைத் தொட்டாள். சருகு நொறுங்கிக் கையோடு வந்தது. அடியில் மண் வெடித்திருந்தது, சொட்டுக் குழாய் வெயிலில் பாம்புச் சட்டையாகக் கிடந்தது. மேட்டில் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மரியாதை தெரிந்த அந்தக் குரல் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மோட்டார் ஓடுகிறது என்றுதான் சொன்னது. தண்ணீர் வந்ததா என்று அதை யாரும் கேட்கவில்லை.

மகேந்திரன் சொட்டுக் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தான். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை போல இருந்தது. அப்போதுதான் புங்கமரத்துப் பக்கம் தவளைச் சத்தம் கேட்டது, அந்தக் காய்ந்த வெயிலில்.

இரண்டு பேரும் போனார்கள். மரத்துக்கு அந்தண்டை பள்ளத்தில் தண்ணீர் குளமாக நின்றிருந்தது. மலையிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றி எப்போதோ கிளறிப்போட்டதில் பெரிய குழாய் வாய் பிளந்திருந்தது. இத்தனை நாளும் அவள் ஆம்பூரிலிருந்து கூப்பிட்ட தண்ணீரெல்லாம் இங்கேதான் இறங்கியிருக்கிறது. ஓரமெல்லாம் கோரை முளைத்திருந்தது. கொக்கு ஒன்று இவர்களைப் பார்த்தும் நகராமல் நின்றது. தட்டான்கள் தண்ணீருக்கு மேல் மிதந்தன. புங்கம்பூ பொரி பொரியாய் உதிர்ந்து வட்டமிட்டது. மிஷின் முன்னால் உட்கார்ந்து அவள் கண்ட கனவில்கூட இப்படியொரு இடம் இல்லை. தன்னைக் கேட்காமலே இது தன் கையால் ஆகியிருக்கிறது என்று நினைத்தபோது, அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

குளத்தைச் சுற்றிச் சில மாங்கன்றுகள் செம்புத் துளிரோடு மார்பளவு நின்றன.

"நான் தோத்துட்டேன். பிளாட்டுக்காரங்கள வரச் சொல்லுங்க," என்றாள். "குறுக்க வர மாட்டேன்."

மகேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தான். பிறகு ஒரு துளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"கன்னு உயிரோட இருந்தான்னுதானே சொன்னேன். எத்தனின்னு சொல்லலியே."

அவள் அவனையே பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கரண்ட் வீணாப் போவுது. மோட்டார மொதல்ல நிறுத்து."

கிணற்று மேட்டுக்குப் போனாள். பெட்டிக்கு முன்னால் நின்று, இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்து, நம்பரைத் தட்டிக் காதில் வைத்தாள். கைக்கெட்டும் தூரத்தில் பெட்டிக்குள் எதுவோ கிளிக்கென்றது. மோட்டார் நிறுத்தப்பட்டது, நன்றி. குளத்தோரத்திலிருந்து மகேந்திரன் கேட்டான்.

"பெட்டி முன்னாடி நின்னுக்கினு யாருக்கு ஃபோன் பண்றே?"

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது. ஏறிய வெட்கம் காதுவரை சுட்டது. அவன் பிளந்த குழாயின் வாயருகே குந்திக்கொண்டு, "தாகமா இருக்குது. இன்னொரு தடவ போடு, குடிச்சிட்டு நிறுத்திக்கலாம்," என்றான்.

ஃபோனைக் கல்மேல் வைத்தாள். பெட்டியைத் திறந்தாள். பச்சை பட்டனில் தூசி படிந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு அமுக்கினாள். பழைய நடுக்கம் கை வழியாகத் தோள்வரை வந்தது. கையை எடுக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு அவன் பக்கமே பார்த்திருந்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காய்ந்த வரிசைகளையெல்லாம் கடந்து அவன் குரல் வந்தது.

"தேவிகா, தண்ணி வந்துடுச்சி."