அப்பா சிரித்த ஒரே படம்

இந்த ஆடியில் தென்காசிக்குப் போனது அருவியில் குளிக்க அல்ல. அப்பாவின் முதல் திதிக்குப் பத்து நாள்தான் இருந்தது. மாலை போட ஒரு படம் வேண்டும். அப்பா போலீஸ்காரர், காமிராவைக் கண்டால் அட்டென்ஷனில் நின்றுவிடுவார். குற்றாலம் ஐந்தருவியில் தலையில் எண்ணெய் வழியச் சிரித்த படம் ஒன்றுதான் விதிவிலக்கு. அருவிக்கரை போட்டோக்காரர் எடுத்துத் தபாலில் அனுப்பியது, நெகட்டிவ் கிடையாது. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற பயம் மதுரையிலேயே என்னோடு பஸ் ஏறிவிட்டது.

காலை 6.10க்குக் கிளம்பிய பஸ், 160 கிலோமீட்டர் ஓடி 10.20க்குத் தென்காசியில் இறக்கிவிட்டது. கடையநல்லூரிலேயே சாரல். அம்மா இருக்கிற இலஞ்சிக்கு ஆட்டோ 150 ரூபாய்.

வீட்டில் சுவரில் இருந்த படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஈரம் இறங்கி, போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பக்கவாட்டில் நின்று போனில் ஒரு படம் எடுத்தேன். அம்மா மறுபக்கம் நின்று அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டத்தைக் கழற்றினேன்.

"ஏட்டி, இழுக்காத. ஒட்டிக் கெடக்கு பாரு" என்றாள் அம்மா.

எனக்குப் பொறுமை எங்கே? ஓரத்தைப் பிடித்து மெல்லத்தான் இழுத்தேன். அப்பாவின் வாயும் மோவாயும் கண்ணாடியிலேயே தங்கிவிட்டன. அம்மா உள்ளே போய்ப் பாலிதீன் பை ஒன்றை எடுத்துவந்து நீட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போட்டோவையும் கண்ணாடியையும் அந்தப் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறுபடி ஆட்டோ ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரியாஸ்பத்திரிக்கா அக்கா?" என்றார்.

"இல்ல, போட்டோ ஸ்டுடியோவுக்கு."

அவர் அதற்கும் வேகத்தைக் கூட்டினார். நல்ல மனுஷர்.

ஸ்டுடியோ அண்ணாச்சி பையைப் பிரித்ததும் தலையில் கை வைத்தார். "கண்ணாடியோட கொண்டாந்திருந்தா அப்படியே ஸ்கேன் பண்ணிருப்பேன். பிச்சிட்டு வந்தா நான் என்ன செய்ய? ஏஐல வாய் வச்சுத் தரலாம், ஆனா அது உங்கப்பா சிரிப்பா இருக்காது, பாத்துக்கிடுங்க."

போனில் எடுத்ததைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தவர் நிமிர்ந்தார். "இதுல இன்னொரு முகம் விழுந்திருக்கே."

சட்டத்துக் கண்ணாடியில் பிரதிபலித்த அம்மா. அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில், மங்கலாக.

"உங்கம்மாவா? உயிரோட இருக்கவங்க இருக்க படத்துக்கு மால போடக் கூடாது. அழிச்சிரவா?"

இன்றைக்கு ஒன்றை அழித்தது போதாதா? அப்படியே பிரிண்ட் போடச் சொன்னேன். எட்டுக்குப் பத்து அளவு, இருபது நிமிஷம். காத்திருந்த நேரமெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்வது என்றே ஓடிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பியதும் அம்மா படத்தைக் கையில் வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மாலை போட முடியாதும்மா, இதுல நீ இருக்கே" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"போடாட்டா போகுது. கல்யாணத்துக்குப் பொறவு நாங்க சேந்து நின்னு ஒரு போட்டோ கெடையாதுட்டி. இந்தப் படம் எடுத்த அன்னைக்கு அவிய ஆம்பளைக பக்கம் சிரிச்சிட்டு நின்னாவ, நான் பொம்பளைக பக்கம் குளிச்சிட்டு இருந்தேன். இப்பதான் வந்து சேந்திருக்கேன்."

போகிறவர்களுக்கு: சாரல் ஆனியில் தொடங்கி ஆவணி வரை இருக்கும், சனி ஞாயிறு கூட்டம் தாங்காது. பழைய படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள், கண்ணாடியோடு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோங்கள். போகும் முன் போனில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், யார் நிழல் விழுந்தாலும் பரவாயில்லை.

திதியன்று மாலை விழுந்தது அட்டென்ஷனில் நிற்கிற அப்பாவுக்குத்தான். சிரிக்கிற அப்பா மாலை இல்லாமல், அம்மாவோடு, சாப்பாட்டு மேஜைக்கு மேலே இருக்கிறார்.