மூக்குக்குள் இருந்த அத்தை

சூடான புண்ணாக்கின் வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டால், லேசாகக் கருகிய இனிப்பு, அதோடு கொஞ்சம் ஈரச் சாக்கு என்று சொல்வேன். திண்டிவனத்தில் அப்பா வேலை பார்த்த எண்ணெய் மில்லுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில், தலையணை, அப்பாவின் காக்கிச் சட்டை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அம்மா கட்டுகிற ஒரே பட்டுப்புடவை என்று எல்லாவற்றிலும் அதுதான் வீசும். தொண்ணூற்று நான்கில், நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, அந்த வாசனை நின்றுபோனது. "இன்னிக்கு மில்லு லீவாம்மா?" என்று கேட்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மிஷின் ஓடுகிற அதிர்வில் எங்கள் ஜன்னல் கண்ணாடி அப்போதும் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அதற்கு வைத்த பெயர் "ஜல்பு". மழைக்கு வந்த ஜல்பு வெயிலுக்கும் போகவில்லை, வாயைத் திறந்துகொண்டே தூங்கினேன், ரசமும் வெந்நீரும் எனக்கு ஒன்றாகிவிட்டன, நெற்றியில் எந்நேரமும் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. கடைசியாகக் குரல் போயிற்று. ம, ந, ண எல்லாம் மூக்கு வழியாக வரவேண்டிய ஒலிகள். என் மூக்கில் வழியே இல்லாததால் மரம் பரம் ஆயிற்று, அண்ணே அட்டே ஆயிற்று. ஒரு நாள் உள்ளேயிருந்து நான் எதையோ கேட்க, வாசலில் நின்ற எதிர்வீட்டு ஆரோக்கியம்மா இடுப்புக் குடத்தைப் பொத்தென்று இறக்கிவிட்டாள். "யே யம்மா, பிலோமி பேசுறா மாரியே இருக்குதே!"

பிலோமி அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல், எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் தெருவுக்கே ரவிக்கை தைத்தவள். அவளுக்கும் வருஷக்கணக்காக அடைத்த மூக்கு, அவளும் அப்பாவை "அட்டே" என்றுதான் கூப்பிடுவாள், பால் பொங்கிக் கருகினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பாள், நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். போதாததற்கு மூச்சு வாங்குகிற "இழுப்பு" வேறு. இரண்டு வருஷம் முன்பு ஒரு காலையில் தலைவலி என்றாள், அப்பா பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார், அரை மணி நேரத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது, ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. "காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்றது தெரு. பாதி தைத்த பச்சை ரவிக்கை, ஊசி குத்தியபடியே மிஷினில் இருந்தது. அதை எடுக்க அப்பா யாரையும் விடவில்லை.

என் குரல் மாறிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆனதும் அப்பா என்னை அந்த மிஷினுக்கு முன்னால் உட்காரவைப்பார். தான் முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொள்வார். "ஒரு தபா கூப்புடு பாப்பா." நான் "அட்டே" என்பேன். அவர் தோள் ஒருமுறை குலுங்கும். பிறகு ஒரு மல்லாட்டை உருண்டை, அதாவது கடலை உருண்டை, கிடைக்கும். எனக்கென்ன, உருண்டைக்காக இன்னும் நாலு தடவைகூடக் கூப்பிடுவேன். அவர் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அம்மா, "ஏங்க, புள்ளய டாக்டராண்ட காட்டுங்க, இன்னா விளையாட்டு இது?" என்று சத்தம் போடுவாள். "ஜல்புதானே, தானா போயிடும்" என்பார் அப்பா. போகவேண்டாம் என்று அவர் நினைத்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஒரு ஞாயிறு, நான் யோசிக்காமலே, "அட்டே, சட்டய கழட்டிப் போடு, துணியில எண்ணெ ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டேன். அப்பா மில்லிலிருந்து வந்ததும் அத்தை தினமும் சொன்ன வார்த்தை அது. அன்று அப்பா முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்து ஏமாந்துபோனார்.

அதற்கடுத்த நாள் கண்ணாடியை வெயிலில் சாய்த்துவைத்து மூக்கை அண்ணாந்து பார்த்தேன். உள்ளே ஏதோ இருந்தது. தோலுரித்த திராட்சைபோல, சாம்பல் நிறத்தில், ஈரமாகப் பளபளத்துக்கொண்டு. மூச்சை இழுத்தால் உள்ளே நகர்ந்தது, விட்டால் எட்டிப் பார்த்தது. நான் கத்தவில்லை. அத்தை அங்கேதான் இருக்கிறாள் என்று தீர்மானித்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. குளிக்கும்போது அவளுக்கு வலிக்கக்கூடாதென்று மூக்கைத் தேய்ப்பதையே விட்டுவிட்டேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எங்கள் சனத்தில் அன்று எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சுண்ணாம்படித்த கல்லறைகளில் பூவைத்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சாயங்கால வெளிச்சத்தில் அத்தை கல்லறையைச் சுற்றி நின்று ஜெபமாலை சொன்னபோது, என்னை முன்னால் சொல்லச் சொன்னார் அப்பா. மரியே என்பதை நான் "பரியே" என்றேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. ஆரோக்கியம்மா சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். அத்தனை மெழுகுவத்திப் புகையிலும் எனக்கு ஒரு வாசனையும் இல்லை. நெற்றி மட்டும் பிளந்தது, நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் வந்தது. அப்பா ஓடிப்போய் வாசல் கடையில் மாத்திரை வாங்கிவந்தார். அதே தலைவலி மாத்திரை. வாயால் மூச்சுவிடுகிறவளுக்கு விழுங்க வருமா? புரையேறித் துப்பிவிட்டேன். அது அத்தையின் கல்லறை மேலேயே போய் விழுந்தது.

அதற்குமேல் அம்மா யாரையும் கேட்கவில்லை. மறுநாள் காலையே என்னை விழுப்புரம் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள். அப்பாவும் கூடவே வந்தார். அங்கே காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர், நெற்றியில் கட்டிய விளக்கோடு எட்டிப் பார்த்து, அத்தையைப் பற்றிய என் தீர்மானத்தை ஒரே வார்த்தையில் கலைத்தார். "சதைம்மா." மூக்குக்குள் இருக்கும் ஜவ்வு ரொம்ப நாள் வீங்கியே இருந்தால் இப்படிச் சொட்டுபோலத் தொங்கிவிடுமாம், புற்றுநோய் இல்லை, தொட்டால் வலிக்காது, ஆனால் வழியை அடைத்து, சளியைத் தேக்கி, தூக்கத்தைக் கெடுத்து, இழுப்பு இருந்தால் அதையும் கிளப்பிவிடும், வாசனை போய்விட்டால் கேஸ் கசிந்தாலும் தெரியாது. முதலில் மூக்கில் அடிக்கும் மருந்து, சில நாள் மாத்திரை, அதிலும் சுருங்காவிட்டால் ஆபரேஷன். எடுத்தாலும் திரும்ப வரலாம், அதனால் மருந்தை விடக்கூடாது. பிறகு, "இந்த வயசுல இவ்ளோ வர்றது கம்மி. வீட்ல யாருக்காவது இருந்துச்சா?" என்று கேட்டார்.

அம்மா அத்தையைப் பற்றிச் சொன்னாள். மூக்கு, இழுப்பு, அந்தக் காலை, மாத்திரை. டாக்டர் விளக்கை அணைத்தார். "நான் அவங்களப் பாக்கல, அதனால இதுதான்னு அடிச்சிச் சொல்ல முடியாது. ஆனா மூக்குல சதையும் இழுப்பும் சேந்து இருக்கிற சிலருக்கு அந்த மாதிரி தலைவலி மாத்திரை ஒத்துக்காது, மூச்ச நிறுத்திடும். பொண்ணுக்கு நீங்களா எதுவும் வாங்கிக் குடுக்காதீங்க." அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மருந்தில் கொஞ்சம் சுருங்கியது, போகவில்லை. ஆபரேஷனுக்குப் பாண்டிச்சேரிக்கு எழுதித் தந்தார்கள். அந்தப் பஸ்ஸில், கிளியனூர் தாண்டியதும், அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒரே ஒரு தபா" என்றார். அம்மாகூடத் தடுக்கவில்லை. நான் "அட்டே" என்றேன். அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் என் வாய், "அழுவாத. தெரிஞ்சா குடுத்த?" என்றது. அதைச் சொல்ல வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. யார் சொன்னது என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அப்பா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு பாண்டிச்சேரி வரைக்கும் அழுதார்.

ஆபரேஷன் முடிந்து கட்டெல்லாம் பிரித்தபின் எனக்கு முதலில் வந்தது ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை, அதற்கப்புறம் அப்பாவின் சட்டை. அம்மாவை அம்மா என்றே கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவே மிஷினிலிருந்து பச்சை ரவிக்கையை எடுத்து மடித்துவைத்தார்.

சதை திரும்ப வந்தது, இரண்டாயிரத்துப் பதிமூன்றில். சோம்பேறித்தனமாக மருந்தை விட்டவள் நான்தான், யாரைக் குறை சொல்ல? குரல் மறுபடி அடைத்துக்கொண்டது. அப்போது அப்பாவுக்கு ஞாபகமெல்லாம் போயிருந்தது, அம்மாவைத் தவிர யாரையும் தெரியாது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுத் திண்டிவனம் போனேன், அவர் கட்டிலில் உட்கார்ந்து, வெட்கத்தைவிட்டு, "அட்டே" என்றேன். அவர் சடாரென்று எழுந்தார். காலால் செருப்பைத் தேடினார். "பிலோமி, மாத்திரை வேணா. டாக்டராண்ட போலாம் வா, ஜல்தி" என்று என் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துவந்துவிட்டார். இருபது வருஷம் அந்த வார்த்தை அவருக்குள் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

இன்று மில் இல்லை, மனை போட்டு விற்றுவிட்டார்கள். அந்தத் தெருவில் புண்ணாக்கு வாசனை எதுவும் இல்லை, இந்தத் தடவை என் மூக்கின் மேல் குற்றமில்லை. அப்பாவும் போய்விட்டார். காலையில் பல் தேய்த்ததும் மூக்குக்கு இரண்டு பக்கமும் மருந்து அடித்துக்கொள்கிறேன், ஒரு நாளும் தவறுவதில்லை. அந்த இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு, தெளிந்த குரலோடு அவரைப் பார்க்கப் போனபோது, "யாருங்க, இன்னா வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "பிலோமி இங்கதான் இருந்துது, எங்க போச்சு?" என்றார்.

"டாக்டராண்ட போயி நல்லாயிடுச்சு" என்றேன்.

"நல்லாயிடுச்சா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அவர் படுத்துக்கொண்டார்.