சாக்கோடு சேர்த்து எடை

"நூத்தி இருபத்தெட்டு ராத்தல். ஒரு ராத்தல் கூடவோ குறையவோ இருந்தா என் மீசையை எடுத்துடறேன், ஓய்!" என்று பிச்சுமணி ஆளை எடைபோட்டுச் சொல்லி முடிப்பதற்குள் புதுத் தபால்காரர் சைக்கிளில் ஏறித் தப்பித்துவிட்டார். பிச்சுமணிக்கு மீசை கிடையாது. பந்தயத்தில் எதை வைத்தால் நஷ்டம் வராது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மட்டாஞ்சேரி கடைத்தெருவில் மிளகுக் கிடங்கு ஒன்றில் தராசு பிடிக்கிற உத்தியோகம் அவருக்கு. உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. ஒரு பலகையில் மூட்டை ஏறும், மறுபலகையில் படிக்கல் ஏறும். பக்கத்தில் நின்று பிச்சுமணி எடையை ராகம் போட்டுக் கூவுவார். முதல் மூட்டையை ஒன்று என்று சொல்லமாட்டார், "லாபம்!" என்பார். அந்தக் குரல் காயலில் போகிற வள்ளக்காரனுக்கும் கேட்கும். முப்பது வருஷமாக இதையே செய்ததில் கண்ணில் படுகிற எதையும் எடை போடாமல் அவரால் இருக்க முடிவதில்லை. கல்யாண வீட்டில் மணப்பெண்ணைப் பார்த்தால் மற்றவர்கள் மூக்கு முழி பார்ப்பார்கள். இவர் ராத்தல் பார்ப்பார். துஷ்டி கேட்கப் போன வீட்டிலும் மனுஷர் சும்மா இருந்ததில்லை.

ஆண்டவன் அவருக்குக் கைகால்களைச் சிக்கனமாகவும் வயிற்றைத் தாராளமாகவும் கொடுத்திருக்கிறான். கிடங்குச் சாவிக்கொத்தை இடுப்பில்தான் செருகியிருப்பார். ஆனால் தொப்பைக்கு அடியில் அது இருப்பதைச் சத்தம் வந்தால்தான் நம்புவார். அவருடைய எடை என்ன என்று எவனாவது கேட்டுவிட்டால் முகம் சட்டென்று பக்தி மயமாகிவிடும். "தராசு பிடிக்கறவன் தராசில ஏறப்படாது. கிடங்குக்கு ஆகாது, கேட்டியா?" என்பார். இப்படி ஒரு சாஸ்திரம் அந்தத் தெருவில் வேறு எந்தக் கிடங்கிலும் கிடையாது.

இவருக்கு ஒரே பெண், கங்கா. பதினோரு வயது. கன்னமும் கையும் கொழுகொழுவென்று இருக்கும். வேறு வீடாக இருந்தால் குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று திருஷ்டி கழித்திருப்பார்கள். பிச்சுமணி பெயர் வைத்தார். மூட்டை. "எங்காத்து மூட்டை வந்தாச்சு, வழி விடுங்கோ" என்பார் வந்தவர்கள் எதிரில். வந்தவர்கள் சிரிப்பார்கள். கங்காவும் கூடவே சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அவர் மனைவி கனகாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்னா, பொண்ணை நாலு பேர் எதிரே மூட்டைங்கறேளே. நன்னாயிருக்கா?"

"கேலி பண்ணினாத்தாண்டி ரோஷம் வரும். ரோஷம் வந்தா சோறு இறங்காது. சோறு இறங்கலேன்னா தானே எளைச்சுடுவா. கணக்கு சரியாத்தானே இருக்கு?"

கணக்கு சரியாகத்தான் நடந்தது. அவர் வைத்த பெயர் அவளுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. கங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் மறு நுனியில் இருக்கும் பெண்கள் தூக்கி எறியப்பட்டதுபோல் "அம்மே!" என்று குதித்து எழுந்திருப்பார்கள். டிரில் வகுப்பு வந்தால் கங்காவுக்கு வயிற்றுவலி வரும். புத்தகப் பையை முதுகில் போடாமல் வயிற்றுக்கு முன்னால் அணைத்துக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டாள். மத்தியானத் தயிர்சாதம் காக்கைகளுக்குப் போனது. கனகாம்பாள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது பிச்சுமணி தொடையில் தட்டினார். "பாத்தியா! மருந்து பிடிக்கறது!"

ஆனாலும் வேகம் போதவில்லை. அப்போதுதான் தொழில் அவருக்குக் கைகொடுத்தது. பச்சை மிளகைக் கிடங்கு முற்றத்தில் மூங்கில் பாய் விரித்துக் காயப்போடுகிறார்கள். நாலு வெயில் கண்டால் எடை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மிளகுக்கு ஆகிற காரியம் மனுஷ்யாளுக்கு ஆகாதா? உலகத்தில் எத்தனையோ பேர் மிளகைப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தவர் பிச்சுமணி ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கங்கா கிடங்குக்கு வரவேண்டும் என்று உத்தரவாயிற்று. காலையில் தோசை கிடையாது, கொள்ளுக் கஞ்சிதான். உச்சி வெயிலில், வியர்ப்பதற்காக அம்மாவின் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மிளகுப் பாய்களைச் சுற்றிச் சுற்றி ஓடவேண்டும். தாகம் என்றால் தண்ணீர் கிடையாது. "வெள்ளம் குடிச்சா எடை ஏறும். ஈரம் ஏத்தின சரக்கு என்கிட்ட நடக்காது" என்பார். மிளகில் தண்ணீர் தெளித்து ஏமாற்றும் வியாபாரிகளை அவர் நிறையப் பிடித்திருக்கிறார். பெற்ற பெண்ணையும் அதே கண்ணால் பார்த்தார்.

ஓட்டம் முடிந்ததும் எடை. மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சுற்றி நிற்க, கங்கா பலகையில் ஏறிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். பிச்சுமணி "லாபம்!" என்று ஆரம்பிப்பார். கிடங்கே சிரிக்கும்.

முதல் நாள் அவள் கேட்டாள். "அப்பா, மிளகுக்குச் சாக்கு எடையைக் கழிக்கறேளே. எனக்குப் பாவாடை, வளை, சால்வை எல்லாம் கழிக்கவேண்டாமா?"

"நம்மாத்துச் சரக்குக்குக் கழிவு கிடையாது. சாக்கோட சேத்துத்தான் எடை."

இன்னொரு நாள், ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள ராத்தல் போய்க் கிலோ வந்த புதிதில், வேறொரு வழி தேடிப் பார்த்தாள். "கிலோவில சொன்னா நான் பாதிதானே ஆவேன்?"

"கவர்மெண்டுக்கு வேணும்னா நீ பாதி. பெஞ்சுக்கு நீ முழுசு" என்றார் பிச்சுமணி. அன்றைக்கு அவருக்கே தன் சாமர்த்தியம் ரொம்பப் பிடித்திருந்தது. நாலு பேரிடம் திருப்பிச் சொன்னார்.

மீன மாசத்து, அதாவது பங்குனி, வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்கா ஓட்டத்தின் நடுவே நின்றாள். கண் எங்கோ பார்த்தது. அப்படியே மிளகுப் பாயின் மேல் குப்புற விழுந்தாள். மிளகு நாலாபக்கமும் சிதறியது. நிழலில் விசிறிக்கொண்டிருந்த பிச்சுமணி எழுந்து கத்தினார். என்ன கத்தினார் என்பதை அங்கே இருந்தவர்கள் இன்றும் மறக்கவில்லை.

"ஐயோ, மிளகு! மிளகு!"

சுமட்டுக்காரர்களின் தலைவன் சங்கிலிப்பாண்டி, தெற்கத்திச் சீமைக்காரன். பாயை மிதித்துக்கொண்டே ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினான். "மெளகு கெடக்கட்டும் சாமி. புள்ளையப் பாருங்க, புள்ளைய!" என்று அவன் போட்ட சத்தத்தில்தான் பிச்சுமணி பார்த்தார். நெற்றியிலும் கன்னத்திலும் மிளகு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. தூக்கியவன் கையில் தலை தொங்கியது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சுமையைப் பார்த்து அது எவ்வளவு கனம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கமலாக்ஷி, மதராஸில் படித்த மலையாளத்து அம்மாள், குழந்தைக்கு நினைவு வந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்த பிறகு பிச்சுமணியின் பக்கம் திரும்பினாள்.

"எந்தா சாமி இது? உச்சி வெயில்ல கம்பளி போத்தி யாராவது ஓட விடுவாளா?"

பிச்சுமணி சளைக்கவில்லை. பச்சை மிளகு, வெயில், எடைக்குறைவு எல்லாவற்றையும் விஸ்தாரமாக விளக்கினார். டாக்டரம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரி. காஞ்ச மிளகு பாக்க எப்படி இருக்கும்?"

"நன்னாக் கறுத்து, சுருங்கி..." என்று உற்சாகமாக ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"வெயில்ல ஓடினா குறையறது கொழுப்பில்லை சாமி, உடம்பிலுள்ள வெள்ளமாக்கும். ஒரு கூஜா குடிச்சா அந்த எடை திரும்பி வரும். குடிக்கலேன்னா இவள் திரும்பி வரமாட்டாள்." சேதி கேட்டு ஓடி வந்திருந்த கனகாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டரம்மாள் குரலைத் தணித்து அவளிடம் சொன்னாள். "வளர்ற வயசு. உயரம் வரதுக்கு முன்னாடி சில பிள்ளைகளுக்கு இப்படி உடம்பு வைக்கும். பட்டினி போடாதீங்கோ. எல்லாரும் சாப்பிடறதை அவளும் சாப்பிடட்டும். வெயில் இல்லாத நேரத்துல அவளுக்கு இஷ்டமான எதையாவது ஆடட்டும், ஓடட்டும். முதல்ல கொஞ்சமா, பின்னே பின்னே கூட்டி. மூச்சு முட்டினா நிறுத்தணும், தாகிச்சா குடிக்கணும். இந்த எடை பாக்கற ஏற்பாடு இனி வேண்டா." பிறகு அட்டையைப் பார்த்தபடி கேட்டாள். "கொழந்தை மயக்கத்துல 'நான் மூட்டை இல்லை, மூட்டை இல்லை'ன்னு சொல்லிண்டிருந்தாள். அந்தப் பேரை யாராக்கும் இட்டது?"

கட்டிலிலிருந்து கங்கா தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். பிச்சுமணி மின்விசிறியைப் பார்த்தார். அதன் எடையைக்கூட அவர் அப்போது மதிப்பிடவில்லை.

அன்று முதல் வீட்டில் கனகாம்பாள் ராஜ்யம். அந்தப் பெயரை உச்சரித்தால் அன்று சாப்பாடு கிடையாது என்றாள். பழக்கதோஷத்தில் முதல் வாரம் இரண்டு ராத்திரி மோரோடு படுத்தார் மனுஷர். பட்டினி கிடந்தால் மனதுக்குள் என்ன நடக்கும் என்பது அந்த வகையில் அவருக்குக் கொஞ்சம் பாடமாயிற்று. எடை மட்டும் குறையவில்லை.

என்ன விளையாட்டு என்று கேட்டதற்குக் கங்கா குளம் என்றாள். கனகாம்பாள் பாலக்காட்டுக்காரி, குளத்தில் வளர்ந்தவள். விடியற்காலையில் கோயில் குளத்துப் பெண்கள் துறைக்கு மகளைக் கூட்டிப்போனாள். உரிக்காத தேங்காய் இரண்டைச் சேர்த்து முடிந்து அவள் மார்புக்கு அடியில் கொடுத்தாள். முதலில் படியைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்கிறது, பிறகு இரண்டு கையும் விரித்த நீளத்துக்கு ஒரு பாகம், அப்புறம் இரண்டு பாகம். தாய் கைக்கெட்டும் தூரத்திலேயே நீந்துவாள். களைத்தால் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் கதை பேசுவார்கள். ஒரு நாள் மல்லாந்து மிதந்துகொண்டே கங்கா சொன்னாள். "அம்மா, இங்கே யாருக்கும் எடையே இல்லை."

அந்தக் குளத்துத் தண்ணீரில் அவள் மெலிந்தாளா என்று கேட்காதீர்கள், யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. பை மட்டும் வயிற்றிலிருந்து முதுகுக்குப் போய்விட்டது. பெஞ்சில் பெண்கள் குதித்தபோது ஒரு நாள் திரும்பி, "ஞான் தடிச்சிட்டாணு. அதினெந்தா?" என்று கேட்டாள். ஆமாம், குண்டாகத்தான் இருக்கிறேன், அதற்கென்ன இப்போது? இரண்டு மூன்று நாள் குதித்துப் பார்த்துவிட்டுப் பெண்கள் ஓய்ந்துபோனார்கள். அப்படித் திருப்பிக் கேட்ட அன்று ராத்திரி கங்கா அழுதாள் என்பதும் உண்மை. கனகாம்பாள் அழட்டும் என்று விட்டு, தலையைக் கோதிக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தாள்.

கிடங்குப் பக்கம் மட்டும் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு மீன் சந்தை வழியாகப் பள்ளிக்கூடம் போனாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு போவாளே தவிர, இந்த வழி வரமாட்டாள். பிச்சுமணி தினமும் மிளகுப் பாய்களுக்கு மேலே எட்டித் தெருவைப் பார்ப்பார். அவருக்கு அது வலித்தது.

ஒரு சனிக்கிழமை பிச்சுமணி சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போனார். கனகாம்பாளுக்கு ஜுரம். வேறு வழியில்லாமல் கங்கா தூக்கோடு வந்து வாசற்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வராமல் கையை மட்டும் நீட்டினாள்.

தராசடியில் நின்ற ஒரு சுமட்டுக்காரன் பழைய ஞாபகத்தில் இளித்தான். "சாமி, மூட்டை வந்துட்டு! ஏத்தட்டா?"

கிடங்கு சிரிப்பதற்குத் தயாராகப் பிச்சுமணியின் வாயைப் பார்த்தது. கங்காவும் பார்த்தாள். தூக்கு வயிற்றுக்கு முன்னால் வந்துவிட்டது. பிச்சுமணி வாயைத் திறந்தார். இவ்வளவு நல்ல வாய்ப்பு அமைந்து அவர் விட்டதாகச் சரித்திரம் இல்லை.

"ஏத்தலாமே" என்றார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தானே போய்ப் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சங்கிலி முனகியது.

"சாமி, கெடங்குக்கு ஆகாதுன்னு சொல்லுவீகளே?" என்றான் சங்கிலிப்பாண்டி.

"கிடங்கு தாங்கும். நீ கல்லைப் போடு. உரக்கக் கூவு."

சங்கிலிப்பாண்டி கூவினான். ஒவ்வொரு படிக்கல்லாக ஏறிற்று. பிச்சுமணி அசையவில்லை. இன்னொரு கல், இன்னும் ஒன்று. சுமட்டுக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அவர் காதெல்லாம் சிவந்துபோயிற்று. வயிற்றை எக்கினால் எடை குறையாது என்பது முப்பது வருஷம் தராசு பிடித்தவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் எக்கிக்கொண்டார். முள் நடுவே வரும் சமயத்தில், யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை மெல்ல உருவி ஓசைப்படாமல் தரையில் வைத்தார்.

கங்கா படியேறி உள்ளே வந்தாள். தூக்கைக் கீழே வைத்தாள். சாவிக்கொத்தை எடுத்து அப்பாவின் மடியில் திரும்ப வைத்தாள்.