ஒரு திருகாணி

அண்ணையின் செத்தவீட்டுப் படம் ஊரிலிருந்து டிஸ்க்காக வந்திருந்தது. அதைப் பார்க்க, பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் என் பழைய கணினிக்கு டிவிடி டிரைவ் பூட்டினேன். நாலு திருகாணிகளில் ஒன்று குறைந்தது.

“விடுங்கோ அப்பா, மூண்டு காணும்,” என்றாள் மகள்.

என் அப்பா விடமாட்டார். றேடியோவைக் கழற்றினால், சூடான தூசி மணக்க, திருகாணிகளைச் சிரட்டையில் போட்டு எண்ணுவார். நான் சிறுவனாயிருந்தபோது ஒருநாள் அப்படி எண்ணுகையில் ஒன்று குறைந்தது.

“ஆரடா எடுத்தது?”

அது என் பொத்திய கைக்குள் வியர்வையில் நனைந்திருந்தது. “அண்ணை,” என்றேன். அப்பா வயர்த்துண்டால் அண்ணைக்கு ஒன்பது அடி அடித்தார், எண்ணினேன். அண்ணை என் கையைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை.

உண்மையைச் சொல்ல அறுபது வருடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் “பேந்து கதைக்கிறன், அண்ணை,” என்று தொலைபேசியை வைத்தேன்.

டிஸ்க் சுழன்றது. சவப்பெட்டியருகே அண்ணி கதறினார்: “தம்பியை ஒருநாளும் குறை சொல்லாத மனுசன்!”

மகளுக்குக் கேட்காதபடி ஒலியைக் குறைத்தேன்.