கராஜில் காய்ந்த கையுறைகள்

நான் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடுகிறவள், முன்கள வீராங்கனை. இன்று உடைமாற்றும் அறையில் அணிக்குப் புதிதாக வந்த பெண் ஈரக் கையுறைகளைக் கழற்றினாள். செத்த எலி நாற்றம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பழைய கோபம் ஏறியது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் எனக்குப் பதின்மூன்று வயது. நாங்கள் குடியேறிய டூங்கபிப் புறநகரில் எங்கள் வீட்டுக்குச் சமைக்க இரண்டு குசினி. உள்ளே இருந்தது பார்வைக்கு. மீன் பொரிப்பதெல்லாம் கார் விடும் கராஜில் இருந்த மற்றதில்தான். என் ஹாக்கிச் சாமான்களும் அங்கேதான் காய்ந்தன. வறுத்த கறித்தூளின் மணம் கையுறைக்குள் போயிருக்கும். போனால் என்ன? எல்லாப் பிள்ளைகளின் பைகளும்தான் நாறின.

பயிற்சியாளர் என் பையைக் காட்டி, கறி மணக்கிறது, இனி அதை வெளியே வையுங்கள் என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நாறிய மற்றப் பைகள் உள்ளேயே இருந்தன.

அம்மா கையுறைகளை ஷாம்பூ போட்டு மூன்று தரம் கழுவினார். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனபோது காரை விட்டு இறங்கவில்லை.

"வாங்கோ அம்மா, மட்ச் தொடங்கப் போகுது."

"நீ போ பிள்ளை. என்ரை கோட்டும் கராஜிலைதான் கொழுவிக் கிடந்தது."

அன்று இரண்டு கோல் போட்டேன். அந்தப் பருவம் முழுவதும் என் கோல்களை அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் கேட்டுத்தான் அறிந்தார்.

"பையை வெளியே வைக்கட்டுமா?" என்று உடைமாற்றும் அறையில் புதியவள் கூச்சத்துடன் கேட்டாள்.

நான்தான் இப்போது அணித்தலைவி. "இந்த அறையிலிருந்து ஒருத்தியின் பையும் வெளியே போகாது" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.